மூன்றாம் நம்பர் பம்பும் என் ஜெபமும்

போன ஞாயிறு ஆராதனை முடிந்து, கோயில் வாசலில் டீ வாங்கிக்கொண்டு நின்றேன். நெய்வேலிச் சுரங்கத்தின் கட்டுப்பாட்டு அறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிரீத்தா நேரே என்னிடம் வந்தாள். முகத்தில் தூக்கக் கலக்கம்.

“அங்கிள், ரொம்ப நாளைக்கப்புறம் இன்னைக்குத்தான் எனக்கு ஞாயிறு கெடச்சிருக்கு. அதுலயும் பாதி பிரசங்கத்துல தூங்கிட்டேன். ஷிஃப்ட்ல இருக்கறவங்க ஆண்டவரோட நெருங்கி வாழவே முடியாதா? நீங்க இத்தனை வருஷம் எப்படித்தான் இருந்தீங்க?”

இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று நான் எத்தனை காலமாகக் காத்திருந்தேன் தெரியுமா! சந்தோஷத்தில் டீ சட்டையில் கொட்டிவிட்டது. “முடியும்மா! தாராளமா முடியும்! அதுவும் எங்க வெச்சு முடிஞ்சுது தெரியுமா...” என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவள் வீட்டுக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. “எழுதிக் குடுங்க அங்கிள், எங்க குரூப்ல போடறேன்” என்று கத்திக்கொண்டே ஓடி ஏறிவிட்டாள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் தங்கராஜ். பிறந்தது மேல்பட்டாம்பாக்கம் பக்கம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, அப்ரண்டிஸாக இருந்து, பர்மனென்ட் ஆகி, சுரங்கத்தில் பம்பு பிரிவில் சேர்ந்தேன். இந்த ஒரே வரிக்குள் பல வருஷங்களும் என் அம்மாவின் கண்ணீரும் அடங்கிக் கிடக்கின்றன. இருக்கட்டும். எனக்கு இப்போது பம்புக்குப் போகிற அவசரம்.

வெளியூர்க்காரர்களுக்கு நெய்வேலி என்றால் பழுப்பு நிலக்கரி. எங்கள் பிரிவுக்கு நெய்வேலி என்றால் தண்ணீர். நிலக்கரிக்குக் கீழே பூமிக்குள் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. மேலேயிருந்து மழை கொட்டுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஆட்கள் வேலை செய்ய வேண்டும். கீழ்த்தண்ணீரை ஆழ்குழாய்க் கிணறுகள் பார்த்துக்கொள்ளும். மழைத்தண்ணீர் எங்கள் பொறுப்பு. சுரங்கத்தின் அடிமட்டத்தில் ஒரு பெரிய குட்டை. மழையெல்லாம் அதில் வந்து விழும். அதன்மேல் இரும்பு மிதவைகள். மிதவைகளின்மேல் மூன்று பம்புகள். மூன்றாம் நம்பர்தான் பெரியது.

எங்கள் ஃபோர்மேன் கலியபெருமாள். குள்ளஞ்சாவடிக்காரர். நெற்றியில் எப்போதும் விபூதி, தோளில் ஈரத் துண்டு. முதல் நாள் “சார்” என்று கூப்பிட்டேன். “சாரு மேல ஆபீஸ்ல இருப்பாரு. இங்க நான் அண்ணன்” என்றார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. பிரச்சினை பெரிதாகப் பெரிதாக அவருடைய பேச்சு மெதுவாகிக்கொண்டே போகும். அவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவோம்.

ஷிஃப்ட் மாற்றிக்கொள்வதில் அவர் ரொம்பக் கறார். முந்தைய ஷிஃப்ட் ஆள் “எல்லாம் நல்லா ஓடுது” என்று சொல்லிவிட்டுக் கிளம்புவான். அதை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

“அவன் சொல்லிட்டான். பம்பு என்னா சொல்லுதுன்னு கேளு” என்பார்.

கேட்பதற்கு ஒரு முறை உண்டு. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை, பம்பின் சுழலும் தண்டைத் தாங்குகிற பேரிங் கூட்டின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக்கொள்ள வேண்டும். நல்ல பேரிங் என்றால் ஒரே சீரான ரீங்காரம். கெட ஆரம்பித்த பேரிங் என்றால் பல்லில் மணல் அகப்பட்ட மாதிரி ஒரு நறநறப்பு. அப்புறம், தண்டு வெளியே வருகிற இடத்தில் கயிறு மாதிரி அடைத்திருக்கும் பேக்கிங்கைப் பார்க்க வேண்டும். அங்கே தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிய வேண்டும். வடியாவிட்டால் இறுக்கம், தண்டு சூடேறித் தேயும். கொட்டினால் தளர்ச்சி. கடைசியில் உள்ளங்கையை மோட்டாரின்மேல் வைத்து அவர் சும்மா நிற்பார். காய்ச்சல் இருக்கிற பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பதுபோல இருக்கும்.

வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஞாயிறுதான் பிடிக்கவில்லை. ஷிஃப்ட் சுழன்றுகொண்டே இருக்கும். என் வார விடுமுறை செவ்வாய்க்கு நகரும், வியாழனுக்கு நகரும், ஞாயிறை மட்டும் தொடாமல் தாண்டிப் போகும். கோயில் மணி அடிக்கிற நேரத்தில் நான் சுரங்கத்தின் அடியில் சேறு மிதித்துக்கொண்டிருப்பேன். ஆண்டவர் மேலே பாட்டும் பூவுமாக இருக்கிறார், நான் கீழே இருக்கிறேன் என்று தோன்றும். எப்போதாவது ஞாயிறு கிடைத்தால், விட்டதையெல்லாம் ஒரே மூச்சில் பிடித்துவிட வேண்டுமென்று முதல் வரிசையில் போய் உட்காருவேன். கண்ணை மூடினால் ஜெபம் வராது, தூக்கம் வரும். பக்கத்துக்காரர் தோளில் சாய்ந்து குறட்டை விட்டிருக்கிறேன், பிரீத்தா! நீ பாதிப் பிரசங்கம்தான் தூங்கினாய்.

என் மனைவி எஸ்தர் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். ஒருநாள் முதல் ஷிஃப்ட் முடித்து மத்தியானம் வீட்டுக்கு வந்தவன், “நம்ம வீட்ல குடும்ப ஜெபமே இல்லாமப் போச்சு” என்று புலம்பினேன். 

“கர்த்தருக்கு என்ன ஜெனரல் ஷிஃப்ட்டா? நாம எப்பக் கூப்பிட்டாலும் இருப்பாருல்லா. கையக் கழுவிட்டு வந்து உக்காருங்க” என்றாள்.

அப்போதே பாய் விரித்தாள். அரைநாள் பள்ளி முடிந்து வந்த பிள்ளைகள் இருவரும் பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்கள். அன்று முதல் எங்கள் குடும்ப ஜெபம் என் ஷிஃப்ட்டோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்தது. ஒரு வாரம் விடிவதற்கு முன்னால் பாட்டு, ஒரு வாரம் உச்சி வெயிலில் பாட்டு. எஸ்தருக்கு மெல்லப் பாடத் தெரியாது. மாடி வீட்டு ஹசீனா அக்கா ஒருநாள் அவளை வழிமறித்தார். சண்டைக்கு வருகிறார் என்றே நினைத்தோம். “உங்க வூட்டுக்காரருக்கு என்ன ஷிஃப்ட்டுன்னு உங்க பாட்டக் கேட்டுத்தான் தெரிஞ்சிக்கிறோம். என் பையனுக்குப் பரீட்ச வருது, நாளைலேர்ந்து இன்னும் கொஞ்சம் முன்னாலயே பாடுங்க, அவனும் எந்திரிக்கட்டும்” என்றார்!

வீடு சரியாகிவிட்டது. ஆனால் வாசலைத் தாண்டினால் பழையபடிதான். ஜெபத்தைப் பாயோடு சுருட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். கலியபெருமாள் அண்ணனிடம் பேசுவேன், பம்பைத் திட்டுவேன். ஆண்டவரிடம் பேச வேண்டும் என்று அங்கே தோன்றினதே இல்லை. சேற்றுக் காலோடு அவர்முன் போகலாம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அப்புறம்தான் அந்த மழை வந்தது.

ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் எங்களுக்குப் பழக்கம். இது வேறு. கடலூர்ப் பக்கம் புயல் கரையேறப் போகிறது என்றார்கள். முந்தின நாளே வானம் உடைந்துவிட்டது. நான் முதல் ஷிஃப்ட்டுக்குப் போனபோது பொழுது விடிந்தும் வெளிச்சம் வரவில்லை. சுரங்கத்தின் பக்கவாட்டுச் சரிவுகளில் தண்ணீர் அருவி அருவியாக இறங்கிக்கொண்டிருந்தது. குட்டை குளமாகியிருந்தது.

அடிமட்டத்தில் எங்களுக்குச் சற்றுத் தள்ளி மண் வெட்டும் ராட்சத மெஷின் ஒன்று நின்றது. ஒரு கட்டடம் நடந்து போகிற மாதிரி இருக்கும் அது. மேல் மட்டத்துக்கு அது ஏறிவிட்டால் கவலையில்லை. ஆனால் ஏறும் பாதை மழையில் களியாகிவிட்டது. புல்டோசர்கள் சரளை மண்ணைத் தள்ளித் தள்ளிப் பாதையைக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தன. அதுவரைக்கும் மெஷின் நிற்கிற இடத்துக்குத் தண்ணீர் வரக் கூடாது. சக்கரப் பட்டைகளுக்குக் கீழே மண் இளகினால் மெஷின் சாயலாம். உள்ளே ஆட்கள் இருந்தார்கள்.

மூன்று பம்பும் ஓடின. தண்ணீர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மழையும் நாங்களும் கயிறு இழுக்கிற மாதிரி நின்றோம். அப்போது மூன்றாம் நம்பரின் சத்தம் மாறியது.

ஸ்க்ரூடிரைவர் தேவைப்படவில்லை. ஒரு வெற்று அலறல். மோட்டாரின் ஆம்பியர் முள் சரிந்து விழுந்தது. தண்ணீரைத் தூக்காமல் பம்பு சும்மா சுற்றுகிறது என்று அர்த்தம்.

கலியபெருமாள் அண்ணன் வந்தார். ரொம்ப மெதுவாகச் சொன்னார்: “தங்கராசு... உறிஞ்சு குழாய் வாய என்னமோ அடச்சிக்கினு இருக்கு... நிறுத்து.”

நிறுத்தினேன். மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டுச் சாவியை என் பைக்குள் போட்டுக்கொண்டேன். செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பியால் உறிஞ்சு குழாயைத் தூக்கினோம். பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. குழாய் வாயின் சல்லடையைச் சுற்றி மழையில் அடித்து வந்த வேரும் கொடியும், அதற்கும் மேலே ஒரு கிழிந்த தார்ப்பாயும். நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு கை ஆழத்தில் இருந்தது. கொக்கி போட்டு இழுத்தோம், வரவில்லை. கையால்தான் பிய்க்க வேண்டும்.

வாக்கி டாக்கியில் மெஷின் ஆபரேட்டரின் குரல்: “பம்ப்பு, பம்ப்பு... தண்ணி எங்கப் பக்கம் வர ஆரம்பிச்சிருச்சு. என்னப்பா ஆச்சு?”

“நான் படுக்கறேண்ணே. காலப் பிடிச்சுக்குங்க” என்றேன். என் கை அவருடையதைவிட நீளம், அவ்வளவுதான் காரணம். உயிர்காப்புச் சட்டையை இறுக்கிக் கட்டினார். இடுப்பில் கயிறு கட்டி மிதவைத் தூணில் முடிச்சுப் போட்டார். நான் மிதவையின் விளிம்பில் குப்புறப் படுத்தேன். அவர் என் கணுக்கால்கள் இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். தலையும் தோளும் விளிம்புக்கு வெளியே தொங்க, முகவாய் தண்ணீரில் பட, கையை உள்ளே விட்டேன்.

என்ன குளிர்! கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. எல்லாம் கறுப்புத் தண்ணீர். விரல்தான் கண். ஒரு வேர் வந்தது, இன்னொன்று வந்தது, தார்ப்பாய் மட்டும் அசையவில்லை. அலை வந்து வாயில் அடித்தது. அப்போதுதான் நான் பேச ஆரம்பித்தேன்.

கோயிலில் சொல்லும் அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. “ஆண்டவரே, இங்க வாங்க. இந்தப் பக்கம். கொடி சுத்திக்கிட்டிருக்கு, பாருங்க. ஒரு முனை கெடச்சாப் போதும். அங்க ஆளுங்க இருக்காங்க ஆண்டவரே. என் கை மரத்துப் போச்சு. முனையக் காட்டுங்க. இதுவா? இது இல்ல. இந்தா, இங்க...”

கூடவே வேலை செய்கிற ஆளிடம் பேசுகிற மாதிரி! வெட்கமே இல்லாமல்! பேசப் பேச என்ன நடந்தது தெரியுமா? பயம் போகவில்லை, ஆனால் நான் தனியாகப் பயப்படவில்லை. ஒருவர் பக்கத்தில் இருந்தார். வேலைக்காரர்களின் நடுவில், அதே தண்ணீரில், அதே அவசரத்தில் இருந்தார். கோயிலின் முதல் வரிசையில் எத்தனை வருஷம் தேடினேனோ, அவரேதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீரில் வாயை வைத்துக்கொண்டு சிரித்தேன்.

முனை கிடைத்தது. இழுத்தேன். தார்ப்பாய் நீளமாகப் பிரிந்து வந்து கையோடு கழன்றது. “வந்துருச்சு!” என்று கத்தினேன். அண்ணன் என்னை மீனை இழுப்பது மாதிரி மேலே இழுத்துப் போட்டார்.

குழாயை மறுபடி தண்ணீருக்குள் இறக்கினோம். வேலை முடியவில்லை. பம்புக்குள் காற்று இருந்தால் அது தண்ணீரை ஏற்றாது. பம்பு நிறையத் தண்ணீர் ஊற்றி, மேலேயுள்ள சிறு குழாயைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். பிறகு வெளியேற்று வால்வை மூடி வைத்துக்கொண்டே மோட்டாரை ஓட்டி, அழுத்தம் ஏறியதும் வால்வை மெல்ல மெல்லத் திறக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் எல்லாம் போச்சு. முதல் முறை பிடிக்கவில்லை. திரும்பவும் ஊற்றினோம். அப்போதும் பிடிக்கவில்லை. சிறு குழாயில் இன்னும் குமிழி வந்துகொண்டிருந்தது. மறுபடி ஊற்றினோம். குமிழி நின்று, சன்னமாக, கண்ணாடி மாதிரி தண்ணீர் வந்தது.

“இப்பப் போடு” என்றார் அண்ணன்.

போட்டேன். முள் ஏறியது. வால்வைத் திறந்தேன். அந்த அலறல் அடங்கி, அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த உறுமல் ஒன்று எழுந்ததே, அடடா! அதைவிட நல்ல சங்கீதத்தை நான் கேட்டதில்லை! மிதவையே அதிர்ந்தது. மேலே போகிற குழாய் யானையின் தும்பிக்கை மாதிரி உதறிக்கொண்டது.

மத்தியானத்துக்கு முன்னால் பாதை கெட்டியாகிவிட்டது. அந்த மெஷின் அசைந்து, அங்குலம் அங்குலமாக ஏறி, மேல் மட்டத்தில் போய் நின்றபோது, மழையில் நனைந்தபடி நாங்கள் எல்லோரும் கூச்சல் போட்டோம். ஆபரேட்டர் ஹார்னை விடாமல் அடித்தார்.

டீ வந்தது. கலியபெருமாள் அண்ணன் துண்டைப் பிழிந்துகொண்டே கேட்டார்: “தண்ணில தலய வுட்டுக்கினு யாருகிட்டப்பா அவ்ளோ நேரம் பேசிக்கினு இருந்த?”

எனக்குக் கூச்சமாகிவிட்டது. “ஆண்டவர்கிட்டண்ணே.”

“மனசுக்குள்ள பேசறதா நெனச்சியா? எல்லாம் வெளிய கேட்டுச்சு. ஒன் காலப் புடிச்சிக்கினு ஒக்காந்திருந்த எனக்கு அது எவ்ளோ தெம்பா இருந்துச்சு தெரியுமா?” ஒரு வாய் டீ குடித்தார். “நாளைக்கும் பேசு.”

பேசினேன்! அன்றிலிருந்து நிறுத்தவே இல்லை. பம்பைக் கேட்கும்போது பேசினேன். நட்டு கழலாமல் அடம்பிடித்தால் புகார் சொன்னேன். சைக்கிளில் வீடு திரும்பும்போது ஒவ்வொரு பிளாக்காகக் கடந்து, இந்தக் குவார்ட்டர்ஸில் வயிற்றுவலிக்காரர், அந்தக் குவார்ட்டர்ஸில் வேலை கிடைக்காத பையன் என்று சொல்லிக்கொண்டே மிதிப்பேன். எல்லா நாளும் மழைநாள் மாதிரி சிலிர்த்துவிடவில்லை. பல நாள் காய்ந்த விறகு மாதிரிதான் இருந்தது. ஆனாலும் பேசினேன். ஞாயிறு ஷிஃப்ட்டுகூடக் கசக்கவில்லை. கோயில் மணி அடிக்கும்போது பம்பிடம் நின்று, “அவங்க ஆரம்பிச்சிட்டாங்க ஆண்டவரே, நாமும் ஆரம்பிக்கலாமா?” என்பேன். எனக்குக் கிடைத்த ஞாயிறுகளில் கோயிலுக்குள் போனால் தூக்கம் வரவில்லை. வாரம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த ஆளின் வீட்டுக்கு விருந்துக்குப் போவது மாதிரி இருந்தது.

பிரீத்தா, உன் கேள்விக்கு இதோடு பதிலை முடித்திருக்கலாம். ஆனால் எனக்கு வாய் அடைத்துப் போன ஒரு நாளும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னவனாவேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால், எஸ்தரின் வயிற்றில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. பாண்டிச்சேரியில் ஆபரேஷன். திறந்து பார்த்தால்தான் எப்படிப்பட்ட கட்டியென்று சொல்ல முடியும் என்றார்கள். காலையில் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் வெளியூரிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். நான் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபிக்க வாயைத் திறந்தேன். எதுவும் வரவில்லை. பம்பிடம் அத்தனை பேசினவன், நட்டுக்காக ஜெபித்தவன், என் எஸ்தருக்காக ஒரு வார்த்தை பேச முடியாமல் உட்கார்ந்திருந்தேன். ஆண்டவரும் இல்லாத மாதிரி இருந்தது.

கையில் தூக்குவாளியோடு வராந்தாவில் ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். கலியபெருமாள் அண்ணன். ஓய்வு பெற்றுக் குள்ளஞ்சாவடியில் இருந்தவர், செய்தி கேள்விப்பட்டு பஸ் மாறி மாறி வந்திருந்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பேசினியா?” என்றார்.

“முடியலண்ணே. வாயே வரல.”

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டார்: “நான் பேசலாமா? ஒங்க சாமி ஒண்ணும் நெனச்சுக்காதே?”

“பேசுங்கண்ணே.”

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். எழுந்து நின்றார். கண்ணை மூடவில்லை. எதிரே இருந்த சுவரைப் பார்த்து, மேலதிகாரியிடம் நிலவரம் சொல்லுகிற குரலில் ஆரம்பித்தார்.

“ஐயா, நான் கலியபெருமாளு, குள்ளஞ்சாவடி. இவன் ஒங்க ஆளு, தங்கராசு. எந்நேரமும் ஒங்ககிட்டப் பேசிக்கினே இருப்பான், ஒங்களுக்குத் தெரியும். இன்னைக்கு அவனுக்குப் பேச்சு வரல. அதான் நான் பேசறேன். உள்ள இருக்கறது எஸ்தரு. எனக்கு எத்தினியோ தடவ சோறு போட்ட பொண்ணு. டாக்டரு கைய நீங்க பாத்துக்குங்க. அது வரைக்கும் இவன் பக்கத்துல செத்த ஒக்காருங்க. இவன் தனியா இருக்க மாட்டான். அவ்ளோதான் ஐயா.”

என்னிடம் குனிந்தார். “முடிக்கும்போது ஒண்ணு சொல்லுவீங்களே?”

“ஆமென்.”

“ஆங். அத நீயே சொல்லு.”

“ஆமென்” என்றேன். காலையிலிருந்து ஆண்டவரிடம் என் வாயில் வந்த முதல் வார்த்தை அதுதான். அது வந்ததும் அழுகையும் வந்தது. அழுதுகொண்டே எனக்குள் ஒரு குதூகலம் பொங்கியது, நம்புவாயா? நான் பேசினால்தான் அவர் வருவார் என்று நினைத்திருந்தேன். என்னால் பேச முடியாதபோது, பஸ் ஏற்றி, தூக்குவாளியோடு, விபூதி நெற்றியோடு ஓர் ஆளை அனுப்பி, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாரே! பெஞ்சின் அந்தப் பக்கம் காலியாக இருந்தது. அது காலியாக இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

பிற்பகலில் டாக்டர் வெளியே வந்து, கட்டியை முழுசாக எடுத்துவிட்டோம் என்றார். பரிசோதனை முடிவு வரச் சில நாள் ஆனது. பயப்படுகிற மாதிரி எதுவுமில்லை என்று வந்தது. வராந்தா என்றும் பார்க்காமல் ஸ்தோத்திரம் சொல்லிக் கத்திவிட்டேன். நர்ஸ் வந்து அதட்டினார்.

முடிவு வந்த அன்று மாலை அண்ணன் மறுபடியும் பார்க்க வந்தார். எஸ்தர் தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். அவர் கட்டிலோரம் நின்று, துண்டை முறுக்கிக்கொண்டு, ரொம்பத் தயங்கிக் கேட்டார்:

“ஏம்மா... அன்னைக்கு நான் ஒங்க சாமிகிட்ட ஒரு வார்த்த சொன்னேன். பழக்கமில்லாத ஆளுன்னு காதுல வாங்காம வுட்டுடலியே?”

எஸ்தர் வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

“அண்ணாச்சி, நல்லாவே கேட்டுட்டாரு. தயவுசெஞ்சு சிரிக்க வெக்காதீங்க, தையல் இழுக்குல்லா!”